லாரி சீட்டுக் கடையில் நின்ற மயில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை நடந்தது இது. ஆவடியில் என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை, சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது. நல்லவேளையாக, பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் என் மகளுடைய டான்ஸ் வகுப்பு பொங்கல் விழா வைத்திருந்தது. யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் மயில். மற்ற ஐந்து குழந்தைகளும் மேகங்கள். ஒரே ஒரு மயில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாளாக யார் என்ன கேட்டாலும் மயிலைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாடகைக்கு எடுத்த உடையில் தோகையெல்லாம் பிரமாதம். முதுகுப் பக்க ஜிப் மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தது. அதைக் கிளம்புகிற நேரத்தில்தான் கவனித்தேன். சும்மா விடுவேனா? உடையை மகளுக்கு மாட்டி, கழுத்திலிருந்து இடுப்பு வரை இரட்டை நூலில் நெருக்கி நெருக்கித் தைத்துவிட்டேன். அவள் அசையாமல் நிற்பதற்கு லஞ்சமாக ஒரு பெரிய பாட்டில் மாம்பழ ஜூஸ். அழுதால் ஊசி குத்திவிடும் என்று ஒரு மிரட்டல் வேறு. தைத்து முடித்து இழுத்துப் பார்த்தேன். யானை இழுத்தாலும் பிரியாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கணவர் டியூட்டி முடிந்து நேராக மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. மயிலையும் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கு நான் பஸ் ஏறினேன். தோகையோடு உட்கார முடியாதே, அதனால் மயில் சீட்டின் மேல் நின்றபடியே வந்தது. பஸ் மொத்தமும் அவளைத்தான் பார்த்தது. "மயிலுக்கெல்லாம் டிக்கெட் வாணாம்" என்று கண்டக்டர் சொன்னதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சென்னீர்குப்பம் நெருங்கும்போது பஸ் நின்றது. ஊருக்குப் போகிற காரும் வேனும் பஸ்ஸுமாக, ரோடே தெரியவில்லை. ஐந்தரைக்கு நடனம். மணி நாலே முக்கால். அப்போது பார்த்து மயில் என் காதருகே குனிந்து, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட தையல் ஒவ்வொன்றும் கண்முன்னால் வந்தது. "ஆடி முடிச்சுட்டுப் போவோம் செல்லம்" என்றேன். எப்பேர்ப்பட்ட அம்மா பாருங்கள்! அடுத்த ஐந்து நிமிடத்தில் அவள் காலைப் பின்னிக்கொண்டு நெளிய ஆரம்பித்தாள். கண்ணீர் வழிந்து, கண் மையெல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது. "எறங்கும்மா, வண்டி இப்போதிக்கு நவுராது" என்று கண்டக்டர் கதவுப் பக்கம் வழி விடச் சொன்னார். அத்தனை பேரும் தோகை மடங்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இறங்கிய இடத்தில் வரிசையாக ஒர்க்‌ஷாப்புகள். முதலில் கண்ணில் பட்டது லாரிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. உள்ளே ஓடி, "அண்ணே, ஒரு கத்திரி குடுங்க!" என்று கத்தினேன். தையல் மிஷினில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, மயிலு ஏன் அழுவுது?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் புரிந்துகொண்டு, கத்திரியை என்னிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் இருந்த வீட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மா என் கையிலிருந்த கத்திரியை வாங்கி, பொறுமையாக ஒவ்வொரு தையலாக வெட்டினார். 

"எந்த டெய்லரும்மா இப்டி தெச்சான்? புள்ளைய உள்ள வச்சி மூட்டையாட்டம் கட்டி வச்சிகீறான்!"

"தெரிஞ்ச டெய்லர்தான்" என்று கூசாமல் சொன்னேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என் மகள் திருத்தினாள். "எங்க அம்மாதான் தைச்சாங்க."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அந்த அம்மா மயிலை உடையிலிருந்து உருவி எடுத்து, ஒரு துண்டைச் சுற்றி, தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். நல்லவேளை, தப்பித்தோம்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் கடைக்காரர் உடையை மிஷினில் வைத்துவிட்டார். லாரி சீட்டுக்குப் போடும் பட்டையான வெல்க்ரோவை முதுகு நீளத்துக்கு வெட்டி, கடகடவென்று இரண்டு ஓட்டு ஓட்டினார். புது சீட்டின் மேல் ஏறி என் மகன் குதித்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. உடையை மாட்டி, ஒட்டி, தர்ரென்று பிரித்துக் காட்டினார். "இப்போ எத்தினி வாட்டி வோணாலும் போலாம் கண்ணு. எங்க, ஆடு பாப்போம்!"

என் மகள் ஆடினாள் பாருங்கள்! கடை வாசலில், டயருக்கும் இரும்புக்கும் நடுவில், தோகையை விரித்துக்கொண்டு சுற்றினாள். நின்றுகொண்டிருந்த எங்கள் பஸ்ஸிலிருந்து ஜன்னல் ஜன்னலாகக் கைதட்டல். டிரைவர் தாளத்துக்கு ஹாரன் அடித்தார். நானும் எல்லாவற்றையும் மறந்து கைதட்டினேன்.

மணி ஐந்து பத்து. பஸ் ஓரடி நகரவில்லை. "பூந்தமல்லிக்கு ரெண்டு சீட்டு எடுத்துகினு போவணும். ஏறுங்க, உள்தெரு வழியா பூந்துரலாம்" என்று கடைக்காரர் தன் குட்டி லோடு வண்டியைக் கிளப்பினார். அவர் மனைவி, "நானும் டான்ஸ் பாக்கணும்" என்று கடையை அடைத்துவிட்டு எங்களோடு பின்னால் ஏறிக்கொண்டார். லாரி சீட்டின் மேல் மயிலை நிறுத்தி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். தெருவில் விளையாடிய குழந்தைகளெல்லாம் "மயிலு! மயிலு!" என்று கத்தினார்கள். சாமி ஊர்வலம் போல அப்படி ஒரு பவனி என் வாழ்க்கையில் நான் போனதில்லை.

மண்டபத்தில் மேகங்கள் மேடை ஓரத்தில் அழும் நிலையில் நின்றுகொண்டிருந்தன. பாட்டைப் போட இரண்டே நிமிடம் இருக்கும்போது மயில் போய்ச் சேர்ந்தது. அந்தத் தம்பதி கடைசி வரிசையில் நின்றார்கள். ஆட்டத்துக்கு நடுவில் அவர்களைப் பார்த்துவிட்ட மயில், டீச்சர் சொல்லிக்கொடுக்காத ஓர் அசைவாக, இறக்கையைத் தூக்கி டாட்டா காட்டியது. கடைக்காரர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

முடிந்ததும் என் கணவர் மகளின் முதுகைத் திருப்பிப் பார்த்து, "வெல்க்ரோ சூப்பரா இருக்கே, யாரு தைச்சா?" என்றார்.

"மாமா தைச்சாங்க. அத்தை பிரிச்சு விட்டாங்க" என்றாள் மகள்.

"அம்மா என்ன பண்ணாங்க?"

"அம்மா என்னைய உள்ள வச்சுத் தைச்சுட்டாங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் எத்தனை விழா வந்து போனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. மேடையில் மயில் தெரிய வேண்டும் என்ற ஆசையில் என் குழந்தையை நான் மறந்துபோனேன். முன்பின் தெரியாத இருவருக்கு மயிலுக்குள்ளே இருந்த குழந்தைதான் முதலில் தெரிந்தது.