தண்ணீருக்குள் பூத்த புல்

நாகர்கோவிலில் இண்டர்மீடியட் படித்த வருஷம், தாவரவியல் வகுப்பில் என் பக்கத்தில் கடலோர ஊரான இராஜாக்கமங்கலத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் எங்கள் தோட்டத்துப் பலாமரத்தில் ஒட்டி வளர்ந்த மரவாழை என்ற ஆர்க்கிட் செடியைப் பூவோடு கொண்டுபோனேன். அது புல்லுருவிபோல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, காற்றில் தொங்கும் வேரால் மழையையும் பனியையும் குடித்தே பிழைக்கிறது என்று ஆசிரியை விளக்கினார்.

அவள் எழுந்தாள். “எங்க பக்கம் ஒரு புல்லு உண்டு டீச்சர். உப்புத் தண்ணிக்குள்ளயே பூக்கும்.”

“அது பாசி. பாசிக்குப் பூ கிடையாது. உட்காரு.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன்.

“எதுக்குட்டி வந்தே?” பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் எதிரே நின்றாள்.

“அந்தப் புல்லப் பாக்கணும்.”

என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பிறகு ஆறு கடலில் சேரும் பொழிக்குக் கூட்டிப்போனாள். எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சப் புடிச்சிட்டுக் குனி, மக்கா. கண்ண மூடாத.”

குனிந்தேன். உப்பு எரித்தது, பிறகு எரிச்சலே மறந்துவிட்டது. மெல்லிய பச்சை நாடாக்கள் மணலில் வேர்விட்டு, வயலில் காற்று புகுந்ததுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. சத்தமே இல்லை. மரவாழை மண்ணை விட்டு மேலே ஏறிப்போனது. இது மண்ணை விடாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வெளியே மழை பெய்தாலும் இதற்குத் தெரியாது என்று நினைத்தேன். அவள் இழுத்துத் தூக்கியபோதுதான் மூச்சு முட்டியது தெரிந்தது.

பலமுறை முங்கி, கடைசியில் அவளே பூவைக் கண்டுபிடித்தாள். இலையடியில், குருணை அளவு, நிறமில்லாமல். உப்புத் தண்ணீரோடு குப்பியில் எடுத்துவைத்தோம்.

திங்கட்கிழமை ஆசிரியை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

“பூதான். மகரந்தம் இருக்கு. வண்டுக்குப் பதிலா தண்ணிதான் கொண்டுபோகும்போல.” வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இனி அவ சொல்லட்டும்.”

அவள் தன் ஊர் ராகத்திலேயே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, “அன்னைக்கு நானும் சிரிச்சேன்,” என்றேன்.

“தெரியும்ட்டி. நீ பஸ்ஸ விட்டு எறங்கினப்பவே அது போச்சு.”

அவள் பஸ் போன பிறகும், இன்னும் அந்தத் தண்ணீருக்குள் நிற்பதுபோல, தரை மெல்ல அசைந்தது எனக்கு.