வலக் கழுத்தில் இரண்டு தட்டு

அக்குறணையில் டயர் கடை வைத்திருக்கும் மிஹ்ளார், பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு ஹுன்னஸ்கிரிய மலைப்பாதையில் வாடகைக் குதிரை ஒன்றில் ஏறினார்.

அவருடைய பழைய குதிரைக்கு வலக்கண் குருடு. பின்னால் வாகனம் வந்தால் அதன் வலக் கழுத்தில் இரண்டு முறை தட்டுவார். அது தலையைத் திருப்பி இடக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். ஒருநாள் போனில் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டே தட்ட மறந்துவிட்டார். பஸ்ஸுக்கு மிரண்ட குதிரை பள்ளத்தில் விழுந்து செத்தது.

இன்றும் பின்னால் பஸ் உறுமியது. கை தானாகவே தட்டியது.

“ஏன் நானா, தட்டுறீங்க? இதுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும்,” என்றார் கூடவே நடந்து வந்த குதிரைக்காரர் ஸாகி.

குதிரை நின்றது. தலையை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பி, பஸ் கடந்து போகும்வரை இடக்கண்ணால் பார்த்தது. வலக்கண்ணை மூடியிருந்தது.