ஒரு சாண் தூரம்

கடைத்தெருவில் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சோடாபுட்டி' என்றால், செல்போன் ரிப்பேர் கடைக்குக் கையோடு கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். மைனஸ் ஆறு பவர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது பஸ்ஸா சுவரா என்று தெரியாது. ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனின் போர்டை மூக்கருகே பிடித்தாரானால், முடி மாதிரி விரிசல்கூடத் தப்பாது.

என்னையும் அப்படித்தான் பார்ப்பார். காலையில் கண் விழித்ததும், கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில் என் முகம். "கண்ணாடி இல்லாம எனக்குத் தெளிவாத் தெரியுற ஒரே ஆள் நீதான்" என்பார். அந்தக் காலைகளுக்காக இப்போதும் ஏங்குகிறேன். சொல்வதில் என்ன வெட்கம்?

நாற்பத்தாறு வயதில் கண்ணுக்கு லேசர் ஆபரேஷன் செய்துகொள்ளும் ஆசை பிடித்தது. "தூரம் தெளிஞ்சிடும். ஆனா இந்த வயசுல கிட்டப் பாக்க வேற கண்ணாடி வேணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் காதில் முதல் பாதிதான் ஏறியது.

ஆபரேஷன் முடிந்த மறுவாரம் ஜன்னலில் நின்று தெருக்கோடி பஸ்ஸின் நம்பரை வாசித்தார். சாயங்காலமானால் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். அது நாளாவட்டத்தில் குறைந்தது.

கடையில்தான் வசமாக மாட்டிக்கொண்டார். பழக்கதோஷத்தில் போர்டை மூக்கருகே கொண்டுபோனார். ஒரே மங்கல். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துடைத்த துடைப்பில் ஒரு சின்னப் பாகம் கழன்று கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே கண்ணாடி வாங்கினார். ஆனால் அது கடையோடு சரி. "வீட்டுக்குள்ள இனிமே கண்ணாடி கிடையாது" என்று சபதம்.

அதில் அடிபட்டவள் நான். காலையில் கிட்டே வருவார், கண்ணைச் சுருக்குவார், பிறகு பின்னால் நகர்ந்து, கை நீட்டும் தூரத்தில் நின்று பார்ப்பார். எட்டு மாதம் பொறுத்தேன். "என்னை எதுக்குப் பாக்கணும்? ஜன்னல்ல நின்னு பஸ் நம்பரையே பாத்துக்கிட்டு இருங்க" என்று ஒருநாள் வெடித்துவிட்டேன்.

மறுநாள் கண் விழித்தபோது ஒரு சாண் தூரத்தில் அவர் முகம். மூக்கின் மேல் கடைக் கண்ணாடி. அவசரமில்லாமல் பார்த்தார்.

"நெத்தியில ரெண்டு கோடு புதுசா இருக்கே. எப்ப விழுந்துச்சு?"

"நீங்க பாக்காதப்ப" என்றேன்.