களப்பில் மிதந்து போன மூங்கிலும் என் தம்பியும்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பேரை வளர்த்தவள். நான் பெற்றவர்கள் ஐவர். அம்மா விட்டுப்போன தங்கை ஒருத்தி, தம்பி ஒருவர். அந்தத் தம்பியின் ஓராண்டு நினைவுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் நான் ஒருநாளும் அவரை 'அவர்' என்று சொன்னதில்லை. நினைவு மலரில் அப்படித்தான் எழுதவேண்டும் என்று பேத்தி சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். கேட்டால் அவரே சிரிப்பார்.

தம்பி பிறந்தது முந்தலுக்கும் உடப்புக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற களப்புமாக இருக்கிற எங்கள் ஊரில்தான். அம்மா போனபோது அவருக்கு மூன்று வயது, எனக்குப் பதினான்கு. அப்பா கரைவலைக்குப் போய்விடுவார். நான் களப்புக் கரையில் தேங்காய் மட்டை அடித்துத் தும்பு எடுப்பேன். அந்தத் தும்புக் குவியலில் தம்பியை இருத்திவிட்டால் மாலைவரை அங்கேயே விளையாடுவார். ஊரில் எல்லா ஆண்களும் கடலுக்குப் போக, அவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டிச் சத்தி வரும். மீன்காரன் பிள்ளைக்குக் கடல் ஒத்துவராதாம் என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். பதினாறு வயதில் பாஸ் என்று சொல்கிற ஒரு சிங்களத் தலைமை மேசனுடன் சிலாபத்துக்கு மேசன் வேலைக்குப் போனார். சிங்களமும் சீமெந்தும் ஒன்றாகப் படித்தார். போன வீடுகளில் எல்லாம் நல்ல பெயர் எடுத்தார்.

ஒரேயொரு வேலையில்தான் அவருக்குப் பெயர் கெட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த முன்பு ஒரு மண்டபம் கட்டினார்கள். கட்டிய மேசன்மாரில் தம்பியும் ஒருவர். கடல் மணலைக் கலந்துவிட்டார்கள். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தின்றது. பத்து வருடத்தில் கூரைச் சீமெந்து பாளம் பாளமாக விழுந்தது. நல்ல காலம், பிள்ளைகள் இல்லாத நேரம். அதற்குப் பிறகு வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது. மழை வந்தால் வகுப்பு இல்லை. தம்பி அந்தப் பக்கத்தால் நடப்பதையே விட்டுவிட்டார். சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள், உப்புக்காற்றுத் தின்ன முடியாத ஒரு பள்ளி கட்டப்போகிறேன் என்று வந்து நின்றார். எதால் என்று கேட்டேன். மூங்கிலால் என்றார். சிலாபத்துக்கு அப்பால் ஆற்றங்கரையில் மூங்கில் புதர் வைத்திருந்த ஒருவரிடம் பேசியும் விட்டார். முற்றிய மூங்கிலை மட்டும் வெட்டினால் புதர் சாகாது, வருடாவருடம் தரும். நம் ஊரிலும் நட்டுக்கொள்ளலாம், பழுதானதை மாற்ற யாரிடமும் போகவேண்டியதில்லை. இதையெல்லாம் அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஆசை வந்துவிட்டது.

நிலம் வேண்டுமே. கரையில் வலை காயப்போடுகிற பொது நிலம்தான் இருந்தது. வலைக்காரர்களின் கூட்டத்தில் தம்பி எழுந்து கேட்டார். கரைவலைகளுக்குச் சொந்தக்காரரான பெரிய சம்மாட்டி ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"நீ கட்டின மண்டபத்தப் பாத்தனாங்கள் தம்பி. இனிக் குருவிக்கூடு கட்டப் போறியோ?"

"அதக் கட்டினவன் நான்தான் ஐயா. அதாலதான் வந்து கேக்கிறன்."

சித்திரை கழிந்தால் எங்கள் ஆண்களில் பாதிப்பேர் முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடி என்கிற குடில் போட்டுத் தொழிலுக்குப் போவார்கள். ஐப்பசி தொடங்கத்தான் திரும்புவார்கள். சம்மாட்டி ஐயா அதை வைத்தே கெடு சொன்னார். "நாங்கள் திரும்பி வரேக்க கூரை நிக்க வேணும். நிக்காட்டி எங்கட வலை அந்த நிலத்தில காயும். பிறகு ஒருத்தரும் கேக்கப்படாது." தம்பி ஓம் என்றார்.

ஆண்கள் போய்விட்டார்கள். மிஞ்சியது கிழவர்களும் நாங்களும். தும்பு வேலை செய்கிற பெண்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்தோம். முதல் உழவு இயந்திரத்தில் மூங்கில் வந்து இறங்கியது. மூங்கிலுக்குள் இனிப்பு இருக்கிறதாம். அதற்குத்தான் வண்டு வந்து துளைக்குமாம். களப்பின் உப்புத்தண்ணீரில் சில கிழமை ஊறினால் இனிப்பு வெளியேறிவிடும், வண்டு கிட்டவும் வராது. தம்பி விளங்கப்படுத்திவிட்டு, நீளக் கம்பியால் ஒவ்வொரு கணுவையும் உள்ளே குத்தித் துளைத்த பிறகே தண்ணீரில் போடவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, மிச்ச மூங்கிலை ஏற்றப் போனார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். கணுக் குத்துவது மெதுவான வேலை. ஒரு தடிக்கே அரை மணித்தியாலம். நான் பெண்களிடம், இது வேண்டாம் என்றேன். அறுபது வருடம் மட்டை ஊறப்போட்டவள் நான். மட்டையும் முதலில் மிதக்கும். மேலே சேற்றை அப்பி, சுற்றிக் கம்பு நட்டுக் கட்டிவிட்டால் தண்ணீரைக் குடித்துத் தானாக அமரும். மூங்கிலும் அமரும் என்று நினைத்தேன். ஊறப்போடுவதில் எனக்குப் பாடம் சொல்ல இன்னும் ஒருத்தர் பிறக்கவில்லை என்றுகூடச் சொன்னேன். தம்பி திரும்பி வந்தபோது எல்லாம் சேற்றுக்குள் மூடிக்கிடந்தது. இரண்டாவது சுமையையும் அப்படியே நாங்களே இறக்கிவிட்டோம். குத்தினீர்களா என்று அவர் கேட்கவில்லை. அக்காவை நம்பினார்.

ஆடிக் காற்று ஒரு நாள் முழுக்க அடித்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நட்ட கம்புகள் சாய்ந்து கிடந்தன. சேறு கரைந்துவிட்டது. ஒரு மூங்கில்கூட இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது.

தம்பி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தின கணு குத்தினீங்க அக்கா?"

"ஒண்டும் குத்தேல்ல."

பக்கத்தில் குந்தினார். "மட்டை வாயத் திறந்துகொண்டு கிடக்கும், தண்ணி குடிக்கும். மூங்கில் ஒவ்வொரு கணுவிலயும் கதவச் சாத்தி வச்சிருக்கு அக்கா. எத்தின மாசம் போட்டாலும் மிதக்கத்தான் செய்யும்." அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆற்றங்கரைப் புதரில் முற்றிய மூங்கில் இனி அடுத்த வருடம்தான். ஐப்பசிக்கோ இரண்டரை மாதம்.

காற்று போன திசையில் களப்பின் அக்கரை. நான் என் மருமகனின் வள்ளத்தை அவிழ்த்தேன். கம்பு ஊன்றியது நானே. அப்போது எனக்கு எழுபத்து மூன்று. தம்பி நடுவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பாதி வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தார். "அக்கா, பள்ளி கட்டி முடிஞ்சா முதல் பாடம் நீந்துறது" என்றார். கம்பை விட்டுவிட்டுச் சிரித்தேன். வள்ளம் ஒரு சுற்றுச் சுற்றியது.

அக்கரை முஸ்லிம் ஆட்களின் மீன்பிடிக் கிராமம். எங்கள் மூங்கில் அங்கே வேலைக்குப் போய்விட்டிருந்தது. சில ஆட்டுப்பட்டிக்கு வேலி. சில வள்ளத்துக்கு அடியில் உருளை. ஒன்றில் யாரோ உடுக்கிற சாரம் காய்ந்தது. அண்ணன் என்கிற மாதிரி எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர், அந்தக் கரைக்குப் பெரியவர், எங்களை நிழலுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார்.

"தண்ணி கொண்டுவந்தது அல்லாஹ் தந்தது எண்டு ஆட்டுக்கு வேலி போட்டன்," என்றார். "இப்ப பாத்தா உரிமக்காரர் ஒராள் சத்தி எடுத்துக்கொண்டு வாறார். என்னத்துக்கு இவ்வளவு மூங்கில்?"

தம்பி பள்ளியைப் பற்றிச் சொன்னார். மாலை வகுப்பு, தையல், சிங்களம், பெரியவர்களுக்கு எழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கெடுவையும் சொன்னார். இடிந்த மண்டபத்தையும் மறைக்கவில்லை. நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"எங்கட புள்ளைகளும் வரலாமா?"

"மூங்கில் வந்த வழியால பிள்ளைகளும் வரட்டும் நானா."

மறுநாளே ஐந்து வள்ளங்களில் மூங்கிலைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆட்டு வேலியையும் பிரித்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. நாங்கள் கணுக் குத்த, அவர்கள் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். இந்தத் தடவை குமிழி விட்டுக்கொண்டு அத்தனையும் அடியில் போய்ப் படுத்தன. பக்கத்தில் தம்பி நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ஆவணி முடிய எடுத்து நிழலில் காயவைத்தோம். தூண்கள் மண்ணில் படாமல் கடலில் எடுக்கிற முருகைக் கல்லின் மேல் நிறுத்தினார் தம்பி. நாங்கள் திரித்த கயிற்றால் மூட்டுகளைக் கட்டினோம். எங்கள் கட்டு தளரும் என்று அக்கரைப் பெடியள் சொல்ல, தளருமென்றால் அதை அவிழ்த்துக் காட்டட்டும் என்று எங்கள் பெண்கள் சொல்ல, புரட்டாசி முழுக்க அந்த நிலத்தில் சிரிப்புச் சத்தம்தான். தென்னோலைக் கிடுகு வேய்ந்து முடித்தபோது ஆண்கள் வர மூன்று நாள் இருந்தது.

சம்மாட்டி ஐயா பயணக் களைப்போடு நேரே அங்கேதான் வந்தார். ஒரு தூணைப் பிடித்து உலுக்கினார். பிறகு குறுக்கு மூங்கிலில் தொங்கியே பார்த்தார். அவர் சிறிய ஆள் இல்லை.

"இது ஆடுது."

"வள்ளமும் ஆடும்தானே ஐயா," என்றார் தம்பி.

அவர் இறங்கிச் சால்வையை உதறினார். தன் ஆட்களைப் பார்த்து, "வலைய வடக்கால காயப்போடுங்கோ" என்றார். அன்று மாலை தம்பி இடிந்த மண்டபத்துக்கு முன்னால் நேராக நடந்து வீட்டுக்கு வந்தார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தபடியால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவர் அங்கேதான். பிள்ளைகள் கைகழுவுகிற தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் மூன்று புதர் நட்டார். போன வருடம் பழுதான இரண்டு தூணை எங்கள் மூங்கிலாலேயே மாற்றினோம். மூங்கில்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் காற்று வரவேண்டும் என்பார். பெரியவர்களின் எழுத்து வகுப்பில் முதல் ஆளாக என் பெயரை எழுதிவிட்டார். நான் மாட்டேன் என்றேன். பின் போனேன். மேசையில் எனக்குப் பக்கத்தில், ராத்தா என்று சொல்கிற அக்கரை அக்கா ஒருவர். இரண்டு பேரும் 'ழ'வில்தான் கஷ்டப்பட்டோம்.

கடைசி மூன்று மாதம் தம்பியின் கால்கள் வீங்கிவிட்டன. முச்சக்கர வண்டியில் பள்ளிக்குக் கூட்டிப்போய் நீள இருக்கையான மூங்கில் வாங்கில் இருத்துவோம். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில், நித்திரையிலேயே போனார். முகத்தில் வருத்தம் இல்லை. அக்கரையிலிருந்து பதினொரு வள்ளம் வந்தது.

நோயில் பார்த்த தம்பியின் மனைவி மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும், மருந்து தந்த பெரியாஸ்பத்திரித் தாதிமாருக்கும், நிலம் விட்ட சம்மாட்டி ஐயாவுக்கும், மூங்கில் தந்த ஆற்றங்கரை ஐயாவுக்கும், ஆட்டு வேலியைப் பிரித்த நானாவுக்கும், என் பிழையை என்னோடு சேர்ந்து திருத்திய பதினேழு பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஓராண்டு நிகழ்வு அந்தக் கூரைக்குக் கீழேதான். அக்கரை ஆட்களும் வருவார்கள், பின்னால்தான் இருப்பார்கள். பேத்தி, இந்தா, இதை எனக்கு ஒருதரம் திருப்பி வாசி. அன்றைக்குப் பின்னால் இருக்கிற அவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி. கணுக் குத்தாத இடத்தில் மெல்ல வாசிக்காதே மகள். அதைத்தான் எல்லோரும் கேட்கவேண்டும்.