குண்டு பல்புக்கு அடங்காத சத்தம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். போன வருடம் மலைமேல் இருக்கும் நாகலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஊர்க்காரர்களின் சான்றிதழ்களை அதில் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். அசலை மழையில் பறிகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. திடீரென்று சில சான்றிதழ்கள் திறக்கவில்லை.

கடைக்கார அக்கா என்னைத்தான் பார்த்தார். "ஊரு சுத்துற ஆளு, எதையாச்சும் அழிச்சுப்போட்டயா கண்ணு?"

"நான் தொடவே இல்லீங்க்கா. உள்ள சத்தம் வருதுங்க."

"அது பனி ஈரம். காஞ்சா நின்னுரும்."

இங்கே ஈரமான எதையும் குண்டு பல்பு வைத்துத்தான் காயவைப்பார்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் ஒன்று எரிந்தது. ஆனால் சத்தம் நல்ல வெயிலிலும் கேட்டது. எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்னும் திறக்க முடிந்த சான்றிதழ்களை எல்லாம் பென்டிரைவில் நகலெடுத்தேன்.

"யாருக்குக் குடுக்கறதுக்கு?" என்று அக்கா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது, அந்தச் சத்தம்தான் அறிகுறி, பல்பின் சூடு வேறு அதைக் கெடுத்திருக்கும் என்றார் சேலத்து மெக்கானிக். பென்டிரைவில் இருந்தவை மட்டும் பிழைத்தன.

இப்போது புது டிஸ்க் போட்டிருக்கிறது; சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமைதோறும் நகலெடுக்கிறேன். முடிகிறவரை அக்கா பக்கத்திலேயே நிற்கிறார். நிற்கட்டும், நான் ஒரு வாரமும் தவறவிடுவதில்லை.