சின்னப் போடியாரின் ரைட்

நேற்று கல்லடிப் பாலத்தடியில் மினிபஸ்ஸில் தொங்கிய பொடியன் தகரத்தில் அடித்து "ரைட், ரைட்" என்றான். பஸ் போனது. நான் இறங்க வேண்டிய இடமும் போனது. திட்டவில்லை. அந்தச் சொல்லால் ஒருகாலம் நானும் சோறு தின்றவன்.

எனக்கு இங்கிலீசு அதிகம் தெரியாது. ரைட் தெரியும். வாத்தியார் சிலேட்டில் போடும் கீறு ரைட். எனக்கு அது கிடைத்ததில்லை. வண்டிக்காரனுக்குச் சோற்றுக்கைப் பக்கம் ரைட். கோட்டில் வழக்குப் பேசுகிறவர்களுக்கு அது உரிமையாம். எங்கள் போடியாரின் மகன் சின்னப் போடியாருக்கோ எல்லாமே ரைட். தேத்தண்ணி கொடுத்தால் ரைட். கும்பிட்டாலும் ரைட், அதற்கு 'போ' என்று அர்த்தம்.

போடியார் வயல்காரர். அப்பா அவருக்கு முல்லைக்காரர், வயலை முன்னின்று செய்விப்பவர். சூடடிக்கும் களவெட்டியில் பேச்சுக்குக் காவல் உண்டு. நெல்லைப் பொலி என்போம். முடிந்தது, குறைந்தது என்று வாயெடுக்கக் கூடாது. பூதம் கேட்டால் பொலியை அள்ளிவிடும். ஒரு போகம், செருப்போடும் மிதிக்காத அந்தக் களத்துக்குச் சின்னப் போடியார் சப்பாத்தோடு வந்து குவியலைப் பார்த்தார்.

"ரைட். இவ்வளவுதானா? முடிஞ்சுதா?"

வைக்கோல் உதறிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அளந்தபோது பொலி குறைந்தது. "ஆர்ரா வாய விட்ட?" என்றார் போடியார்.

"வேற ஆரு, உங்கட முல்லக்காரன்தான்," என்றார் மகன், அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

அப்பா குனிந்து பொலியைக் கூட்டினார். அடுத்த போகம் வயல் வேறு ஆளுக்குப் போனது. அப்பா கூலிக்கு வரம்பு கட்டினார்.

பிறகு உலகச் சண்டைக் காலம். நான் பஸ்ஸில் கொண்டக்டர். பெற்றோல் இல்லாமல் போடியாரின் கார் கொட்டிலில் கிடந்தது. சின்னப் போடியாருக்கு அரசாங்க அலுவல் பார்க்கும் கச்சேரியில் உத்தியோகம், அன்று காலை வெள்ளைக்காரத் துரையைப் போய்க் கண்டால் சரி என்று ஊரெல்லாம் பேச்சு. டவுனுக்கு எங்கள் பஸ் ஒன்றுதான். துறையடியில் தோணியால் இறங்கி, கையைக் காட்டிக்கொண்டு மணலில் ஓடி வந்தார்.

"ஆரோ ஓடி வாறாரு போல, தம்பி," என்றார் டிரைவர்.

"ஒருத்தருமில்ல அண்ணே. ரைட்."

பின்பக்கம் நின்று பார்த்தேன். ஒரு சப்பாத்து கழன்றது. குனிந்து எடுத்தார். பிறகும் ஓடினார். உத்தியோகம் வேறு ஆளுக்குப் போனது.

வீட்டில் சொன்னேன். "சப்பாத்தோடயா ஓடினவன்?" என்றார் அப்பா.

"பாதித் தூரம்."

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

இப்போது அந்த வயல் வட்டையில் மெஷின் வெட்டுகிறது. யாரும் எதையும் பேசலாம். தோணித்துறை இல்லை. அப்பா இல்லை. சின்னப் போடியாரும் இல்லை. அவர் ஓடி வந்ததை இன்னொரு தரம் பார்க்கக் கிடைக்காது. எனக்குள்ள குறை அது ஒன்றுதான்.