ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுவரில் காட்டியவர்

அம்பாசமுத்திரம் ரயில் நிலையத்தில் என் தங்கையை வண்டியேற்ற நின்றுகொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து வந்த வண்டியின் பெண்கள் பெட்டியிலிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். என்னைக் கண்டதும் நேராக வந்தாள். சைத்தூன். தென்காசியில் நான் தமிழ் சொல்லிக் கொடுத்த பெண்கள் பள்ளியில் படித்தவள். நெசவுக்காரர் வீட்டுப் பெண்.

“கோமதி டீச்சர், ஒங்களுக்குச் சேதி வந்துட்டா? வடிவு டீச்சர் போயிட்டாவ.”

எந்த வடிவு என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரே வடிவுதான். சண்முகவடிவு, அந்தப் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியை.

“ஏட்டி, எப்போ?”

“போன செவ்வாக்கெழம. காய்ச்சல்னு படுத்தாவ, எந்திரிக்கவே இல்ல. பள்ளிக்கூடத்துல அர நாள் லீவுகூட விடல டீச்சர். செகரெட்டரி வீட்டுக் கல்யாணத்துக்கு விட்டாவல்லா? இதுக்கு விடல.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரங்கல் எழுதுகிறவர்களுக்கு நிதானம் வேண்டும் என்பார்கள். இதில் அது குறைந்திருந்தால், வடிவு டீச்சரை அறிந்தவர்கள் காரணத்தையும் அறிவீர்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அந்தப் பள்ளியில் சேர்ந்தோம். பள்ளியின் விஞ்ஞான உபகரணங்கள் என்றால் ஒரு தராசும், உலகப்படம் ஒன்றும். அந்தப் படத்திலும் ஆப்பிரிக்காவைக் கரையான் தின்றிருந்தது. நுண்ணோக்கி ஒன்று வேண்டும் என்று டீச்சர் நிர்வாகத்தைக் கேட்டார். “பொம்பளப் பிள்ளையளுக்கு அதெல்லாம் எதுக்கும்மா?” என்று பதில் வந்தது. சொன்னவர் பள்ளியின் செயலாளர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தென்காசிக்காரர்களுக்கு எழுதத் தேவையும் இல்லை.

டீச்சர் தாமே ஒன்று செய்தார். ஊரைவிட்டுப் போன ஒரு புகைப்படக்காரரின் உடைந்த காமிராவிலிருந்து ஒரு லென்ஸ் கிடைத்தது. நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை எங்கோ வாங்கிவந்தார். தம் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஜன்னல் கதவில் ஒரு துளை. கண்ணாடியில் பட்ட வெயில் துளை வழியாக இருண்ட வகுப்புக்குள் வந்து, இரண்டு லென்சுகளையும் கடந்து, எதிர்ச் சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் விழும். நடுவே எதை வைத்தாலும் வேட்டியில் பூதாகாரமாகத் தெரியும். சூரியன் நகர நகர வெளியே நின்று கண்ணாடியைத் திருப்ப ஒருத்தி வேண்டும். அந்த வேலைக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

முதலில் காட்டியது வெங்காயத் தோல். “செங்கல் அடுக்கினாப்பல இருக்கு டீச்சர்!” என்று ஒருத்தி கத்தினாள். பிறகு ஈயின் சிறகு, எறும்பின் கால். எதைக் காட்டினாலும் உடனே பெயர் சொல்லமாட்டார். கரித்துண்டைக் கொடுத்து, வேட்டியில் தெரிவதன் ஓரத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்வார். “இதுக்கு என்ன பேரு டீச்சர்?” என்று கேட்டால், “நீ ஒரு பேரு வையி. புஸ்தகத்துப் பேர நாளைக்குச் சொல்லுதேன்” என்பார். கொசுப்புழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குட்டிக்கரணம்’. தண்ணீரில் துள்ளும் ஒரு பொடிப் பூச்சிக்குக் ‘கடுகுத் தவளை’. பரீட்சைத் தாளில் ஒருத்தி அப்படியே எழுதிவிட்டாள். டீச்சர் மதிப்பெண் போட்டார். பக்கத்தில் சரியான பெயரையும் எழுதினார்.

சாரல் மாதங்களில் இந்தக் கருவிக்குக் கஷ்டம். குற்றாலத்து மலைமேல் கவியும் மேகம் தென்காசிக்கும் இறங்கிவிடும். திடீரென வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். “வெயில் வந்துட்டு கோமதி. ஒன் இலக்கணம் ஓடியா போவப் போவுது? பிள்ளையள அனுப்பு.” நான் முறைப்பேன். பிள்ளைகள் அதற்குள் பாதி தூரம் போயிருப்பார்கள்.

ஒரு நாள் அவரவர் வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஆளுக்கொரு குப்பியில் கொண்டுவரச் சொன்னார். செயலாளரின் மகள் மீனாட்சியும் அந்த வகுப்பில் இருந்தாள். அவர்களுக்குக் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில், சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெரிய தொட்டி. மீனாட்சி பெருமையாக அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தாள். குப்பியில் கண்ணாடிபோலத் தெளிந்திருந்த தண்ணீர், வேட்டியில் விழுந்ததும் நெளிந்தது, துள்ளியது, ஒன்றையொன்று துரத்தியது. மற்றவர்களின் தண்ணீரிலும் ஏதாவது இருந்தது. ஆனால் இந்த அளவுக்கு இல்லை. மீனாட்சி அழுதுவிட்டாள்.

அவள் அழுகையோடு நிறுத்தவில்லை. அந்த வார விடுமுறையில் குற்றாலம் போனவள், குடிவந்திருந்தவர்கள் வீடு வீடாகப் போய், “இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, புழு நெளியுது. நான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை செயலாளர் பள்ளிக்கு வந்தார். வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“என்னம்மா இது? பாடம் சொல்லிக் குடுக்க ஒன்ன வச்சனா, எங்க வீட்டுத் தண்ணிய ஊர் சிரிக்க வைக்க வச்சனா? வந்தவன்லாம் மூட்டையக் கெட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போறான்.”

“தொட்டியக் கழுவச் சொல்லுங்க ஐயா. அடுத்த வாரம் அதே தண்ணியக் குடுத்துவிடுங்க. அதையும் காட்டுதேன். சுத்தமா இருந்தா சுத்தம்னு பிள்ளையளே ஊருக்குச் சொல்லிரும்.”

“எனக்கே பாடம் சொல்லுதியோ?”

“பாடம் பிள்ளையளுக்குத்தான் ஐயா சொன்னேன்.”

இதைவிட நியாயமான பதிலை யார் சொல்லியிருக்க முடியும்? தொட்டியைக் கழுவ ஒரு பகல் போதும். அவர் அதைச் செய்யவில்லை. அன்று மாலையே ஒரு தச்சரை அனுப்பி, ஜன்னல் கதவின் துளையில் தகரம் வைத்து ஆணி அடிக்கச் செய்தார். கருவி அலமாரிக்குள் போயிற்று. டீச்சரைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். அலமாரியைப் பூட்டுவதற்கு முன்பே இரண்டு லென்சுகளையும் அவர் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டது நிர்வாகத்துக்குத் தெரியாது. அவர்கள் பூட்டியது வெறும் பலகையை.

அடுத்த சீசனில் குற்றாலத்தில் காலரா வந்தது. அந்த வாடகை வீடுகளில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மகள் வேலம்மாள் எங்கள் பள்ளியில் படித்தவள். வேட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்தவர்களில் ஒருத்தி. அவள் செத்துப்போனாள். நானும் டீச்சரும் அவள் வீட்டுக்குப் போனோம். தாய்க்காரி தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒங்க வகுப்புல பார்த்ததுலேருந்து, கொதிக்க வச்ச தண்ணிதான் வேணும்னு அடம்புடிச்சா டீச்சர். வெறகுக்கு எங்கனட்டி போவேன்னு நான்தான் ஏசிட்டேன்.”

அந்தத் தொட்டித் தண்ணீரால்தான் அவள் செத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. டீச்சரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் தொட்டியைக் கழுவாதவர், தண்ணீரைப் பார்க்கச் சொன்னவரைத் தண்டித்தார். அது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

திரும்பி வந்து தென்காசிக்குள் நுழைந்ததும் டீச்சர், “இனிமே பள்ளிக்கூடத்து ஜன்னல நம்பி இருக்கக் கூடாது கோமதி” என்றார்.

சைத்தூன் வீட்டுத் தறிக்கூடம் பகலிலும் இருட்டு. கூரை ஓடு ஒன்றை நீக்கினால் போதுமான வெளிச்சம் விழும். டீச்சர் லென்சுகளோடு போய்க் கேட்டதும் சைத்தூனின் உம்மா சம்மதித்தார். தறிகளை நிறுத்திவிட்டு, தெருப் பெண்கள் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அவரவர் குடத்துத் தண்ணீர் அவர்கள் நெய்த துணியிலேயே நெளிவதைப் பார்த்தார்கள்.

“இதான் காலராவா டீச்சரம்மா?” என்று ஒரு பெண் கேட்டார்.

ஆம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் அன்றைக்கே பயந்து சொன்னதைக் கேட்டிருப்பார்கள். டீச்சர் சொல்லவில்லை. “இல்ல. அது இதவிடப் பொடிசு. என் கண்ணாடிக்குத் தெரியாது. நான் காட்டுதது ஒண்ணே ஒண்ணுதான். தெளிஞ்ச தண்ணியெல்லாம் சுத்தமில்ல. இப்பக் கொதிக்க வச்சு, வடிகட்டிட்டுக் கொண்டாங்க, பார்ப்போம்.”

கொண்டுவந்தார்கள். துணியில் எதுவும் அசையவில்லை. சைத்தூனின் உம்மாதான் முதலில் எழுந்தார். “தனித்தனியா வெறகு யாருட்ட இருக்கு? ஒரு அடுப்புல கொதிக்க வச்சு எல்லாரும் மோந்துக்கிடுவோம்.” அந்தத் தெரு முனையில் பொது அடுப்பு ஒன்று அப்படித்தான் எரியத் தொடங்கியது. அந்தக் காலரா முடிகிறவரை அது அணையவில்லை.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பள்ளியைப் பார்வையிடப் புதிதாக ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. கற்பிப்பதில் புதுமை விரும்புகிறவராம். உடனே தகரம் பிடுங்கப்பட்டது, பலகை அலமாரியிலிருந்து வெளியே வந்தது. அதில் லென்சுகள் இல்லையென்று அப்போதுதான் தெரிந்து, டீச்சரிடம் கேட்டு வாங்கினார்கள். அதிகாரி வந்தபோது செயலாளர் முன்னால் நின்று, “நம்ம பள்ளிக்காக நிர்வாகம் தயார் செய்த கருவி” என்றார். அவர் காட்டியது வெங்காயத் தோலைத்தான், தண்ணீரை அல்ல. வெளியே வெயிலில் நின்று கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தவர் வடிவு டீச்சர். அதிகாரி செயலாளரின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

“ஏன் வாயத் தொறக்கல?” என்று அன்று நான் டீச்சரிடம் சண்டை போட்டேன்.

“ஜன்னல் தொறந்துட்டுல்லா? வாரம் ஒரு வகுப்பு இதுல நடத்தணும்னு அந்த ஆபீசர் எழுதிட்டுப் போயிருக்காரு. அது போதும்.”

எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. வாரத்தில் ஒரு வகுப்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மற்ற நாட்களில் தையல்தான். பதவி உயர்வு அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் போயிற்று. நான் அம்பாசமுத்திரத்துக்கு மாறி வந்தேன். அவர் மாறவில்லை.

பாபநாசம் அணையின் மின்சாரம் ஊர்களுக்கு வரத் தொடங்கியதும் அவர் ஒன்று கேட்டார். அந்த வகுப்புக்கு ஒரு விளக்கு. வெயிலுக்குப் பதிலாக அதை வைத்தால் சாரல் நாளிலும் பாடம் நடக்கும். பள்ளி அலுவலகத்துக்கு மின்சாரம் வந்தது, வகுப்புக்கு வரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் கேட்டார். ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம் என்றார்கள்.

சென்ற வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. போயிருந்தேன். செயலாளர் பேசினார். “அடக்கமே உருவானவர். நிர்வாகம் அளித்த கருவியைக் கண்போலக் காத்தவர்” என்றார். சிலர் தலையாட்டினார்கள். பிறகு ஒரு தீர்மானம் படித்தார்கள்: டீச்சரின் படத்தை அலுவலகத்தில் மாட்டி, அதன்மேல் ஒரு மின்விளக்கும் போடுவதாக.

நான் எழுந்தேன். “அந்த வெளக்க அவ்வோ வகுப்புக்குக் கேட்டாவ. உயிரோட இருக்கையில கேட்டாவ” என்றேன். நேரமாகிவிட்டது என்று சொல்லி மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லாரும் நின்றார்கள். பின்வரிசையில் சில பெண்கள் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செயலாளரின் மகள் மீனாட்சி. “அப்பா, கோமதி டீச்சர் பேசி முடிக்கட்டும்” என்றாள். நான் பேசி முடித்தேன்.

படத்துக்கு விளக்கு வருமா, வகுப்புக்கு வருமா, எனக்குத் தெரியாது. அடக்கத்தை நான் வடிவு டீச்சரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அது அவரிடம் இருந்ததும் இல்லை. மறுத்த இடத்துக்கே போய், குரலை உயர்த்தாமல், அதே கேள்வியை அடுத்த ஆண்டும் கேட்கிற பிடிவாதம் அவரிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். குரலை உயர்த்தாமல் இருப்பதை மட்டும் என்னால் கற்க முடியவில்லை.